மகளிர் எண்ணூறு மீட்டர் ஓட்டம்

ஒரு விளையாட்டின் வரலாறென்பது வென்றார் பெயரையும் அவர் ஓடிய காலத்தையும் நிரல்பட எழுதிய பட்டியல் மட்டும் அன்று. களத்தில் இறங்குதற்கு உரியார் யாவர், அவ்வுரிமையை வழங்கினார் யாவர், மறுத்தார் யாவர், மறுத்தற்குக் கூறிய காரணம் யாது என்பனவும் அவ்வரலாற்றின் பாற்படும். ஆடவர் ஓட்டத்தின் வரலாற்றில் இவ்வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. மகளிர் ஓட்டத்தின் வரலாற்றிலோ இவையே முதற்கண் நிற்கின்றன.

மகளிர்க்குரிய தடகளப் போட்டிகள் இன்று பலவாம். அவை அனைத்தையும் ஈண்டு விரிப்பின் பெருகும். ஆதலின் எண்ணூறு மீட்டர் ஓட்டம் ஒன்றனையே எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றை ஒருவாறு கூறப் புகுகின்றோம். அதனைத் தேர்ந்ததற்குக் காரணம் மூன்று. ஒலிம்பிக் களத்தில் மகளிர்க்கு ஒருமுறை அளிக்கப்பெற்று, உடனே பறிக்கப்பெற்று, 32 ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் அளிக்கப்பெற்றது இவ்வோட்டம். இந்திய மகளிர் ஆசியக் களத்தில் பன்முறை பொற்பதக்கம் பெற்றதும் இவ்வோட்டம். நம் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டைச் சீமையிற் பிறந்த பெண்மணி ஒருவர், தாம் ஓடிப் பெற்ற வெள்ளிப் பதக்கத்தை இழக்க நேர்ந்ததும் இவ்வோட்டத்திலேயேயாம்.

முதற்கண் எண்ணூறு மீட்டரின் இயல்பினை அறிதல் நலம். சோழவரத்து ஏரிக்கரைமேல் ஒருவர் இயல்பாக நடந்து செல்வாராயின் இத்தொலைவைக் கடக்க அவர்க்குப் பத்து நிமிடம் ஆகும். தேர்ந்த மகளிர் இதனை இரண்டு நிமிடத்திற்கும் குறைவான காலத்தில் ஓடிக் கடக்கின்றனர். நானூறு மீட்டர் வட்டக் களத்தில் இஃது இரண்டு சுற்று ஆகும். முதல் வளைவு வரையில் ஒவ்வொருவரும் தத்தமக்குரிய கோட்டிற்குள்ளேயே ஓடல் வேண்டும். வளைவு கடந்தபின் எவரும் உட்கோட்டை நாடலாம். ஆகவே கால் வலியுடன், முந்துதற்கும் பின்னிற்றற்கும் உரிய இடமறியும் அறிவும் இதற்கு வேண்டும்.

இவ்வோட்டம் பிற ஓட்டங்களினும் கொடிது என்பர். அதன் காரணத்தை எங்கள் ஊரார் எளிதில் உணர்வர். சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தே விமானம் இறங்குதற்கென இட்ட தளம், போரின் பின்னர் மோட்டார்ப் பந்தயக் களமாகிப் பல்லாண்டுகள் பெயர்பெற்று விளங்கியது. பின்னரே அப்பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைக்குப் பெயர்ந்தன. எடுத்த எடுப்பிலேயே பொறியின் முழு வலியையும் செலவிடும் ஓட்டி, கடைசிச் சுற்றில் பின்தங்குதல் உண்டு. மக்கள் உடலும் அத்தகையதே. தசையினுள் சேர்த்துவைத்த ஆற்றல், காற்றின் துணையின்றி உடனே செலவாவது ஒருவகை. மூச்சால் உள்வாங்கிய உயிர்க்காற்றைக் கொண்டு மெல்லப் பிறக்கும் ஆற்றல் மற்றொருவகை. நூறு மீட்டர் ஓடுவார்க்கு முன்னதே பெரும்பாலும் போதும். நெடுந்தொலைவு ஓடுவார் பின்னதனையே நம்புவர். எண்ணூறு மீட்டர் ஓடுவாரோ இரண்டனையும் ஒருங்கே எல்லைவரை செலவிடல் வேண்டும். ஆகலின் இறுதிக் கோட்டைக் கடந்தவுடன் அவர் மூச்சு வாங்கிப் புல்மீது சாய்தல் இயற்கை. ஆடவரும் அவ்வாறே சாய்வர். இதனைப் படிப்போர் மனத்திற் கொள்க. பின்னர் வரும் செய்தி இதனைப் பற்றியதே.

மகளிர் ஓட்டப் போட்டி இக்காலத்தார் புதிதாகக் கண்டதன்று. பண்டைக் கிரேக்க நாட்டில், ஒலிம்பியாவில், ஈரா என்னும் பெண் தெய்வத்தின் பெயரால் கன்னியர்க்கென ஓட்டப் பந்தயம் நான்கு ஆண்டுகட்கு ஒருமுறை நிகழ்ந்தது. பதினாறு பெண்டிர் அதனை முன்னின்று நடத்தினர். மூன்று பருவத்தினராகப் பகுக்கப்பெற்ற சிறுமியர், ஆடவர் ஓடிய களத்திலேயே, ஆறில் ஒரு பங்கு குறைத்த தொலைவை ஓடினர்; வென்றார் ஒலிவ இலை முடி சூடினர். ஆடவர் பெருவிழாவைக் காணவும் மணமான பெண்டிர்க்கு உரிமை மறுத்த நாடு அது என்பதும் நினைக்கத்தக்கது. நம் சங்க நூல்களும் மகளிர் ஓரையாடியதையும், பந்தும் கழங்கும் ஆடியதையும், புனலாடியதையும் பேசுகின்றன. ஆயினும் தொலைவை அளந்து, காலத்தைக் கணித்து, விதி வகுத்து ஓடும் பொதுப்போட்டி மகளிர்க்கு வாய்த்தது அண்மைக் காலத்திலேயாம்.

அதன் தொடக்கங்களுள் ஒன்று ஒரு கல்லூரியில் நிகழ்ந்ததென்பது நமக்கு உவகை தருவதாகும். 1895-ஆம் ஆண்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டில், நியூயார்க் மாகாணத்து வாசர் மகளிர் கல்லூரி மாணவியர் தமக்குள் ஓட்டமும் தாண்டுதலுமாகிய போட்டிகளை நடத்தினர். அதற்கு அடுத்த ஆண்டில் ஏதன்ஸ் நகரத்தில் ஒலிம்பிக் விழா புத்துயிர் பெற்றது. அவ்விழாவில் மகளிர் ஒருவர்க்கும் இடம் இல்லை. விழாவைப் புதுப்பித்த பிரெஞ்சுப் பெருமகனார் கூபர்த்தேன், மகளிர் பலர் காணப் போட்டியிடுதல் தகாது என்னும் கொள்கையர். 1900 முதல் டென்னிசு முதலியவற்றிலும், 1912 முதல் நீச்சலிலும் மகளிர் புகுந்தனர். தடகளமோ அவர்க்கு அடைத்தே கிடந்தது.

அக்கதவைத் தட்டித் திறந்தவர் அலீஸ் மில்லியா என்னும் பிரெஞ்சுப் பெண்மணியார். அவர் 1884-இல் நாந்த் நகரிற் பிறந்தவர். படகு வலித்தலில் வல்லவர். 1919-இல் அவர் ஒலிம்பிக் சபையாரிடம் மகளிர் தடகளத்தைச் சேர்க்குமாறு வேண்டினார். சபையார் மறுத்தனர். மறுத்தார் வாயிலில் காத்து நில்லாது, மில்லியா அம்மையார் தாமே விழா எடுக்கத் துணிந்தார். 1921-இல் மாண்டி கார்லோவில் மகளிர் போட்டி ஒன்று நிகழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களிலேயே உலக மகளிர் விளையாட்டுக் கழகமும் தோன்றியது. 1922 ஆகஸ்டு 20-ஆம் நாள், பாரிஸ் நகரத்துப் பெர்ஷிங் அரங்கில், ஐந்து நாட்டு மகளிர் 11 போட்டிகளில் கலந்துகொண்டனர். அன்று ஓடிய ஓட்டங்களுள் ஒன்று ஆயிரம் மீட்டர் என்பதைக் குறித்துக் கொள்ளல் வேண்டும். அதனைப் பிரெஞ்சு நாட்டு லூசி பிரெயார் 3 நிமிடம் 12 விநாடியில் ஓடி வென்றார். வீழ்ந்தார் என்றோ வருந்தினார் என்றோ உலகம் அன்று ஓலமிடவில்லை.

மில்லியா அம்மையார் தம் விழாவிற்கு ஒலிம்பிக் என்னும் பெயர் சூட்டியது ஒலிம்பிக் சபையார்க்குப் பொறுக்கவில்லை. பெயரைக் கைவிடுக என்றனர். அம்மையார் அதற்கு ஈடாகத் தடகளத்தில் மகளிர்க்கு இடங் கேட்டார். அதன் பயனாக 1926-இல் கோதன்பர்க்கிலும், 1930-இல் பிராகாவிலும், 1934-இல் லண்டனிலும் நிகழ்ந்தவை உலக மகளிர் விளையாட்டு எனப் பெயர் பெற்றன. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மகளிர்க்கு ஐந்து தடகளப் போட்டிகள் கிடைத்தன. கேட்டதினும் இது மிகக் குறைவென்று இங்கிலாந்து மகளிர் அவற்றிற் கலவாது விலகினர். அவ்வைந்தனுள் ஒன்றே எண்ணூறு மீட்டர் ஓட்டம்.

அவ்வாண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் இறுதி ஓட்டம் நிகழ்ந்தது. ஒன்பதின்மர் ஓடினர். ஜெர்மானிய நாட்டு லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் முதலாவதாக வந்தார். ஜப்பானியப் பெண்மணி கினுயே ஹிதோமி இரண்டாவதாகவும், சுவீடன் நாட்டு இங்கா கென்ட்செல் மூன்றாவதாகவும் வந்தனர். ஹிதோமி குறுந்தொலைவு ஓட்டத்திலும் தாண்டுதலிலும் பெயர் பெற்றவர். நூறு மீட்டரில் தோல்வியுற்ற பின்னரே இவ்வோட்டத்தில் இறங்கினார். ஆசியாவிலிருந்து சென்று ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதற் பெண்மணி அவரே. மூவரும் முன்னிருந்த உலக எல்லையை முறியடித்தனர்.

இத்துணை வெற்றி கண்ட ஓட்டம் புகழப்பெற்றிருத்தல் வேண்டும் அன்றோ? நிகழ்ந்ததோ வேறு. ஓடிய பெண்டிர் ஓட்டத்தை முடிக்கமாட்டாது களத்திலே மயங்கி வீழ்ந்தனர் என்று செய்தித்தாள்கள் பல எழுதின. காணச் சகியாத காட்சி என்றனர் சிலர். இத்தொலைவு பெண்மைக்குக் கேடு என்றனர் வேறு சிலர். அன்று எடுத்த அசையும் படம் இன்றும் உள்ளது. ஒன்பதின்மரும் ஓடி முடித்தனர் என்பதும், பின்னர்ச் சிலர் புல்மீது சாய்ந்தனர் என்பதும் தெளிவாகி உள்ளன. ஆடவர் சாய்ந்தபோது அயர்வு எனப்பெற்றது, மகளிர் சாய்ந்தபோது இயலாமை எனப்பெற்றது. கண்ட காட்சி ஒன்றே. கொண்ட கருத்து வேறு.

பழி நிலைத்தது, ஓட்டம் நீங்கியது. 1932-இலும் 1936-இலும் ஒலிம்பிக்கில் மகளிர் ஓடிய மிக நீண்ட தனி ஓட்டம் நூறு மீட்டரே. 1948-இல் இருநூறு மீட்டர் சேர்ந்தது. மில்லியா அம்மையாரின் கழகமும் 1936-இல் கலைந்தது. ஒரு தலைமுறைப் பெண்டிர், ஓட வல்லராயிருந்தும், தமக்குரிய தொலைவு ஒலிம்பிக்கில் இல்லாமையால் அக்களத்தைக் காணாமலே முதுமை எய்தினர். 1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் எண்ணூறு மீட்டர் மீண்டது. ருசிய நாட்டு லியுத்மிலா ஷெவ்ட்சோவா 2 நிமிடம் 4.3 விநாடியில் வென்றார். வாயில் ஒன்று திறந்தபின் ஏனையவும் மெல்லத் திறந்தன. 1964-இல் நானூறு மீட்டரும், 1972-இல் ஆயிரத்தைந்நூறு மீட்டரும், 1984-இல் மராத்தன் நெடு ஓட்டமும் மகளிர்க்கு உரியவாயின. எண்ணூறு மீட்டரே பெண்மைக்குக் கேடு என்றார் கூற்று, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிக் கடந்த மகளிர் முன் நில்லாதாயிற்று. 1983-இல் செக்கோசுலோவாக்கிய நாட்டு யார்மிலா கிராட்டோக்விலோவா எண்ணூறு மீட்டரை 1 நிமிடம் 53.28 விநாடியில் ஓடினார். நாற்பது ஆண்டிற்கு மேலும் முறியாது நின்றது அவ்வெல்லை.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். சென்னையில் 1920-ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் சார்பில் உடற்பயிற்சிக் கல்லூரி கண்ட ஹாரி பக் துரையவர்கள், 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் சென்ற இந்தியக் குழுவிற்குத் துணையாகச் சென்றார். அவ்வாண்டில் மகளிர் தடகளமே அங்கு இல்லை. 1951-ஆம் ஆண்டு புதுதில்லியில் நிகழ்ந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்திய மகளிர் ஓடிப் பதக்கம் பெற்றனர். அடுத்த ஆண்டில் ஹெல்சிங்கி ஒலிம்பிக் தடகளத்தில் நீலிமா கோஷ், மேரி டிசூசா என்னும் இருவர் ஓடினர். 1970-இல் பாங்காக்கில் கமல்ஜித் சந்து நானூறு மீட்டரில் பொன் பெற்றார். ஆசிய விளையாட்டில் தனிநிலையில் பொன் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவர்.

எண்ணூறு மீட்டரில் 1978-இல் கீதா ஜூட்ஷியும், 1998-இல் ஜோதிர்மயி சிக்தரும், 2002-இல் கே. எம். பீனாமோளும் ஆசிய விளையாட்டில் பொன் பெற்றனர். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஷைனி ஆபிரகாம் இவ்வோட்டத்தின் அரையிறுதி வரை சென்றார். அவரே மணமாகி ஷைனி வில்சன் ஆனபின், தாயுமான பின்னர், 1995-இல் நம் சென்னை மாநகரில் நிகழ்ந்த தெற்காசிய விளையாட்டில் 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடி, இரண்டு நிமிட எல்லையை உடைத்த முதல் இந்தியப் பெண்மணியானார். 2010-இல் டின்டு லூக்கா அதனை 1 நிமிடம் 59.17 விநாடியாகக் குறைத்தார். 1928-இல் உலகிலேயே சிறந்தாராய் விளங்கிய ராட்கேயினும் இவர்கள் பதினேழு விநாடி விரைந்தவர் என்பது கருதத்தக்கது.

நிற்க. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி என்னும் சிற்றூரில், செங்கற்சூளையில் உழைத்து உண்ணும் பெற்றோர்க்குப் பிறந்தவர் சாந்தி சவுந்தரராஜன். வறுமையோடு பொருதுகொண்டே ஓடிப் பழகியவர். 2006-ஆம் ஆண்டு டிசம்பரில், தோகா நகரத்து ஆசிய விளையாட்டில், எண்ணூறு மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி இரண்டாமிடம் பெற்றார். தமிழகம் மகிழ்ந்தது. சில நாட்களுள் பிறிதொரு செய்தி வந்தது. அவர் பெண் என்பதை உறுதிசெய்யும் சோதனையில் தேறவில்லை என்று கூறிப் பதக்கம் பறிக்கப்பெற்றது. மறைவிற் காக்கத்தக்க மருத்துவச் செய்தி உலகெங்கும் செய்தித்தாளில் வெளியாயிற்று. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடிய ஒருவர், தாம் யாவர் என்பதைப் பிறர் வாயாற் கேட்கும் நிலை எய்தினார். தமிழ்நாட்டரசு அவருக்குப் பதினைந்து லட்சம் ரூபாய் பரிசளித்துப் பெருமைப்படுத்தியது. ஆயினும் களம் அவர்க்கு மூடியது. சில ஆண்டுகளுக்குப் பின் அவரும் செங்கற்சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. பின்னர்ப் பயிற்சியாளர்க்குரிய கல்வி கற்றுத் தேறி, தமிழ்நாட்டிலேயே அரசுப் பயிற்சியாளராகிச் சிறாரை ஓட்டத்திற் பழக்கி வருபவரானார்.

ஈண்டு நடுவுநிலையோடு நோக்கல் வேண்டும். மகளிர்க்கெனத் தனிப்பிரிவு வேண்டுவது ஏன்? ஆடவர் எண்ணூறு மீட்டரின் உலக எல்லை, 2012-இல் டேவிட் ருடிஷா ஓடிய 1 நிமிடம் 40.91 விநாடி. மகளிர் எல்லைக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. பிரிவு இன்றேல் மகளிர் ஒருவரும் பதக்கம் காணார். ஆகவே வரம்பு வேண்டும் என்பார் கூற்றில் நியாயம் உண்டு. பக்கத்துக் கோட்டில் ஓடித் தோற்கும் பெண்ணின் உழைப்பும் உழைப்பே அன்றோ? ஆனால் இயற்கை, மக்கள் வகுத்த வரம்பின்படி எல்லா உடலையும் படைக்கவில்லை. ஒருவர் உடலணுவில் ஆடவர்க்குரிய குரோமோசோம் இருப்பினும், அதனாற் பிறக்கும் சுரப்புநீரை உடல் ஏற்காதாயின் அவர் பெண்ணுருவோடே பிறந்து வளர்வார். ஸ்பெயின் நாட்டு மரியா ஹோசே மார்த்தினேஸ் பத்தீஞோ 1985-இல் இவ்வாறு தள்ளப்பெற்று, தம் உடல் அச்சுரப்புநீரால் பயன் கொள்ளாது என்று நிறுவி, 1988-இல் மீண்டும் ஓட உரிமை பெற்றார்.

வரம்பு எங்கே இடுவது என்பதில் சபையாரும் ஒருநிலையில் நின்றாரில்லை. 1966-இல் உடலைக் கண்ணாற் கண்டு சோதித்தனர். அஃது இழிவென்று குரோமோசோம் சோதனைக்கு மாறினர். அது பிழைபடும் எனக் கண்டு, ஒலிம்பிக் சபையார் 1999-இல் அனைவர்க்குமான சோதனையை விட்டனர். பின்னர்ச் சுரப்புநீரின் அளவை நோக்கினர். 2015-இல் ஒடிசாவின் தூத்தி சந்த் தொடுத்த வழக்கில், விளையாட்டு நடுவர் மன்றம் அவ்விதியை நிறுத்தி வைத்தது. 2019-இல், எண்ணூறு மீட்டரில் இருமுறை ஒலிம்பிக் பொன் பெற்ற தென்னாப்பிரிக்கக் காஸ்டர் செமென்யா தொடுத்த வழக்கில், அதே மன்றம், விதி வேற்றுமை காட்டுவதே எனினும் வேண்டுவதே என்று தீர்த்தது. 2025-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், செமென்யாவின் முறையீடு சுவிட்சர்லாந்தில் நேரிய முறையில் ஆராயப்படவில்லை என்றது. அவ்வாண்டிலேயே உலகத் தடகளக் கழகம் மகளிர் அனைவர்க்கும் ஒரு மரபணுச் சோதனையை விதித்தது. 1999-இல் விட்ட வழிக்கே ஒருவாறு திரும்பியதாயிற்று.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். 1928-இல் எண்ணூறு மீட்டரைப் பெண் ஓடமாட்டாள், அவள் மெலியள் என்றனர். பின்னாளில் அதே தொலைவை விரைந்து ஓடினாளை, இவள் பெண்ணோ என்று ஐயுற்றனர். வீழ்ந்தாலும் குற்றம், வென்றாலும் குற்றம். முன்னைய கூற்றைப் படமும் காலமும் பொய்யாக்கின. பின்னைய ஐயம் அத்துணை எளிதிற் கழிவதன்று. அறிவியலும் நீதியும் கூடி ஆராய வேண்டுவது. ஆயினும் அவ்வாராய்ச்சி முடியுமுன் ஒரு மகளைத் தெருவில் நிறுத்துதல் எவ்வறத்தின்பாற்படும்? சோதனை வேண்டுமாயின், ஓடுமுன் மறைவில் செய்க. முடிவை அவளுக்கே முதற்கண் உரைக்க. களம் மூடினால் பிழைக்க வேறு வழி காட்டுக. இவை செய்தற்குப் புதிய விஞ்ஞானம் வேண்டுவதில்லை. இரக்கமும் ஒழுங்கும் போதும்.

கல்லூரி மாணவ மாணவியராகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. உலகச் சபைகளை நாம் ஆளவில்லை. ஆனால் ஆண்டுதோறும் நிகழும் நம் விளையாட்டு விழாவில் மகளிர்க்கு எத்தொலைவு ஓட்டம் வைப்பது, அதனைக் காண்போர் எவ்வாறு நடந்துகொள்வது என்பன நம் கையிலே உள்ளன. இரண்டாம் சுற்றில் ஒரு மாணவி தளர்ந்தால் நகையாது, அவள் ஓடி முடிக்கும்வரை நின்று வரவேற்போம். விரைந்து ஓடினாளை உருவத்தாற் பழியாது, அவள் ஓடிய காலத்தாலேயே மதிப்போம். வாசர் கல்லூரி மாணவியர் ஓடியதும், மில்லியா அம்மையார் விழா எடுத்ததும், பெரியார் எவரும் உரிமை நீட்டுவதற்குக் காத்திருந்து அன்று. கத்தக்குறிச்சியிற் பிறந்த ஒருவர் தோகா வரை ஓடினார். சோழவரத்தினின்றும் பொன்னேரியினின்றும் கும்மிடிப்பூண்டியினின்றும் நாளை ஒருத்தி ஓடக்கூடும். அவளுக்கு வேண்டுவன அளந்த களமும், பிழையாது ஓடும் கடிகாரமும், அவளைப் பெண் என்றும் மனிதர் என்றும் மதிக்கும் அவையுமே. அவற்றை நாம் அமைப்போமாக.